முந்நூற்றுப் பன்னிரண்டு இயல்புகள்

பட்டாபிராம்
29 ஜூன் 2025

அன்புத் தம்பி யூஜினுக்கு,

மரியே வாழ்க. நீயும் ஷாரனும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, பெனிஷா மூவரும் சுகம்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் இனிமேல் கடிதம்தான் என்று ஷாரன் போட்ட உத்தரவை ஏற்றுக்கொண்டேன். உன் பெண்டாட்டி உன்னைவிடப் புத்திசாலி. அம்மாவின் வருஷப் பூசைக்கு நீ டெல்லியிலிருந்து வராததைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுத மாட்டேன். எழுதிவிட்டேன். சரி, விடு.

இன்னும் அதே அலைச்சல்தானா என்று கேட்டிருந்தாய். அதேதான். கிராம சுகாதாரச் செவிலியருக்கு வேறு என்ன அலைச்சல் இருக்கும்? ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் நாலு ஊர் என் பொறுப்பு. முப்பது வயது தாண்டிய பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்து, வாய், மார்பு, கருப்பை வாய் மூன்றிலும் புற்று இருக்கிறதா என்று எங்கள் நிலையத்தில் பார்க்க வைக்க வேண்டும். பார்த்த பிறகு டேபில், அதாவது கையடக்கக் கணினியில், ஏற்ற வேண்டும். என் புடவைத் தலைப்பு தெருமுனையில் தெரிந்ததும் பாதி வீட்டில் ஆள் இருக்காது. "அம்மா குளிக்குது சிஸ்டர்" என்று உள்ளேயிருந்து அம்மாவே சொல்லும்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. வருஷா வருஷம் பட்டியலைத் திறந்ததும் முதல் பெயராக எங்கள் பெயரைப் போட்டுக்கொள்வோம். எல்லா நர்ஸும் இதைத்தான் செய்கிறார்கள். தயங்குகிறவளிடம் டேபை நீட்டி, "பாரும்மா, மொதப் பேரே என்னுதுதான். நானே பாத்துக்கினேன், ஒண்ணுமில்ல, நார்மல்" என்பேன். அவள் சிரித்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவாள்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, நான் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. பரிசோதிக்கிறவள் சித்ரா. தினமும் என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள். அவள் முன்னால் போய்ப் படுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாலு வருஷமாக என் பெயர் மட்டும் போய்ப் படுத்துவிட்டு வருகிறது.

வேறு விசேஷம் இல்லை. டேபைத் தூக்கித் தூக்கி இடது கைப்பக்கம் கொஞ்சம் வலி. மாமா அம்பத்தூர் பட்டறையில் இரண்டாவது ஷிப்டுக்கு மாறிவிட்டார். ஷாரனுக்கு என் முத்தம்.

அன்பு அக்கா,
சகாயம்

*

புது டெல்லி
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். கை வலிக்கு ஏதாவது தடவினாயா?

போன வாரம் ஒப்பந்தத்தை மீறிப் போன் செய்ததற்கு மன்னிக்கவும். மூன்று நிமிடம்தான் பேசினோம், சண்டை வரவில்லை. ஷாரனிடம் நான் சொல்லவும் இல்லை.

விஷயம் நல்லபடியாக முடிந்தது. நேற்றுப் பார்லிமெண்டில் கேள்வி நேரத்தில் எங்கள் சுகாதார அமைச்சர் பதில் சொன்னார். நாங்கள் உட்கார அதிகாரிகள் மாடம் என்று ஓர் ஓரம் இருக்கிறது. பதிலைத் தயாரித்த பிரிவு அலுவலர் என்ற முறையில் அங்கே கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேருக்கு நோய் தெரிந்தது, புற்றுநோயைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வருமா. இவைதான் கேள்விகள். சட்டத்துக்கு அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்றார். அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தவன் நான்தான். மாவட்டக் கணக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த ஒரு மாவட்டத்தில் இலக்கு நூற்றுக்கு நூறு எட்டப்பட்டுள்ளது. 41,876 பெண்கள்" என்றார். மேசையைத் தட்டினார்கள் அக்கா. நம் மாவட்டத்துக்கு!

மாநிலத்திலிருந்து வந்த பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குறைந்தார்கள். எந்த நிலையம் என்று பார்த்தால் உன்னுடையது. முறைப்படி எழுத்தில் கேட்டால் ஒரு வாரம் ஆகியிருக்கும். "நாளைச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுக்கா" என்றேன், நீயும் முடித்துவிட்டாய். மேலதிகாரி என் முதுகில் தட்டினார். அச்சடித்த பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெனிஷாவிடம் காட்டு. நீ அலைந்த அலைச்சல் பார்லிமெண்டில் ஏறிவிட்டது.

இன்னொன்று. ஷாரனுக்கு இரண்டு மாதம். மார்ச்சில் நீ அத்தையாகிறாய்.

அன்புத் தம்பி,
யூஜின்

*

பட்டாபிராம்
11 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

மரியே வாழ்க. ஷாரன் செய்தி கேட்டு மாமா தெரு முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அவளை மாடிப்படி ஏறவிடாதே. இங்கே எல்லோரும் சுகம்.

அச்சடித்த தாள் வந்தது. படித்தேன்.

நான் எப்படி முடித்தேன் என்று நீ கேட்கவில்லை. மேற்பார்வையாளர் வீரராகவன் சாரும் கேட்கவில்லை. ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களைப் படுக்க வைத்துப் பார்க்க எங்கள் நிலையத்தில் கட்டில் ஒன்று, சித்ரா ஒருத்தி. நானும் அவளும் ஆளுக்கொரு டேபை எடுத்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். ஒரு பெயருக்கு மூன்று தடவை தொட வேண்டும். வாய், இயல்பு. மார்பு, இயல்பு. கருப்பை வாய், இயல்பு. இரண்டு தடவை டீ குடித்தோம். ஆறரைக்கு எழுந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பெண்ணின் போனுக்கு ஒரு செய்தி தானாகப் போய்விடும், "உங்கள் பரிசோதனை முடிந்தது, இயல்பு" என்று.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அமைச்சர் அவையில் சொன்ன எண்ணைப் பிறகு மாற்ற முடியுமா? அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒருத்திக்கு மார்பில் கட்டி இருக்கிறது. இடது பக்கம். நெல்லிக்காய் அளவு. அதனால் கேட்கிறேன்.

பெனிஷாவுக்குக் காலேஜ் திறந்துவிட்டது. மழை இல்லை.

அக்கா,
சகாயம்

*

புது டெல்லி
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஷாரனுக்கு வாந்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய நார்த்தங்காய்தான் அவளுக்கு இப்போது மருந்து.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி விஷயங்களைக் கடிதத்தில் எழுதாதே. எழுதின தாள் எங்காவது கிடக்கும். நீ எப்படி முடித்தாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: மாற்றலாம். அமைச்சர் சொன்ன தகவலில் பிழை என்று தெரிந்தால் திருத்தக் கூற்று ஒன்றை அவையில் வைக்கலாம். அதற்குக் கீழேயிருந்து எழுத்தில் வர வேண்டும். எழுதுகிறவர் வேலைக்கு ஆபத்து. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பேரில் ஒரு பெண் என்றால் எண்ணில் ஒரு வித்தியாசமும் வராது அக்கா. அந்தப் பெண்ணைப் பேசாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு. கட்டி எல்லாம் கெட்ட கட்டி இல்லை என்று நீயேதான் சொல்வாய்.

மாமாவுக்கும் பெனிஷாவுக்கும் என் அன்பு.

தம்பி,
யூஜின்

*

பட்டாபிராம்
14 செப்டம்பர் 2025

தம்பி யூஜினுக்கு,

மாதா திருவிழாவுக்கு இந்த வருஷம் நடந்து போகவில்லை. பஸ்ஸில் போய் வந்தோம்.

நீ சொன்னபடி அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூட உன் மாமா போனார். அந்தப் பெண் நான்தான் யூஜின்.

மே மாதமே கையில் பட்டது. குளிக்கும்போது. பட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நமக்குத்தான் நார்மல் ஆயிற்றே என்று. நாலு வருஷமாக எழுதி எழுதி, தெருத்தெருவாகச் சொல்லிச் சொல்லி, பார்த்துக்கொண்ட மாதிரியே ஆகிவிட்டது. நீ போன் செய்த மறுநாள் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றும்போது முதல் பெயர் என்னுடையதுதான், இந்த வருஷத்துப் பதிவு அதுவரை பாக்கியிருந்தது. கட்டி இருப்பது தெரியும். அதே விரலால்தான் மார்பு, இயல்பு என்று தொட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா. கையை வைத்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரையும் பார்த்தார். "ஜூலைல ஸ்கிரீனிங் பண்ணிருக்காங்க, நார்மல்னு போட்டிருக்கே. ஒரு மாசத்துல இவ்ளோ பெருசா வராதும்மா. யாரு அந்த நர்ஸு? ஒழுங்கா தொட்டுக்கூடப் பாக்கல. அவங்க மேல ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். வெள்ளைத்தாள் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்துவிட்டது. கெட்ட கட்டிதான். அக்குளுக்கும் போயிருக்கிறது.

அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பயம்கூட இல்லை. யாருக்கோ நடப்பதைப் பட்டியலில் ஏற்றுகிற மாதிரி இருக்கிறது. பெனிஷாவுக்கு நேற்றுத்தான் சொன்னோம். அவள் எழுந்து போய்க் காலேஜ் பையை அடுக்கி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஷாரனிடம் பக்குவமாகச் சொல்.

சகாயம்

*

பட்டாபிராம்
19 அக்டோபர் 2025

தம்பி யூஜினுக்கு,

உன் கடிதம் வரவில்லை. ஷாரன் இரண்டு தடவை போன் செய்தாள். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். கொடு என்று நானும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் கோடு போட்டு மாமா தினமும் பார்க்கிறார், நேற்றைவிட இன்று ஒரு விரல் மேலே என்று. நல்ல மனுஷன். பட்டறையில் லீவு சொல்லிவிட்டு எனக்குத் தலை வாரிவிடுகிறார், கோணல் வகிடு.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பற்றி எழுத்தில் கொடுத்துவிட்டேன். படுத்திருந்தபோது ஒரு கணக்கு மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. இயல்பு என்று ஏற்றிவிட்டால் அந்தப் பெயர் மூடிக்கொள்ளும். ஊழியர்களான எங்களுக்குத்தான் வருஷா வருஷம், அவளை அடுத்த ஐந்து வருஷத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்காவது கட்டி கையில் பட்டது. கருப்பை வாயில் இருந்தால் யாருக்குப் படும்?

வீரராகவன் சார் வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். "சிஸ்டர், நீங்க ஒடம்ப பாருங்க. உங்க பேரை மட்டும் நான் கமுக்கமா சரி பண்ணிக் குடுத்துடறேன். மீதிய கெளறாதீங்க, எல்லார் பொழப்பும் பூடும்" என்றார். என் பெயரை மட்டும் சரிசெய்தால் போதுமென்றால் நான் அப்படியே படுத்திருப்பேன் சார் என்று சொல்லிவிட்டுத் தாளைக் கையில் கொடுத்தேன். அந்த டாக்டர் அம்மா கொடுத்த வெள்ளைத்தாள்தான். சித்ராவின் பெயரை எழுதவில்லை. யார் சொல்லி ஏற்றினாய் என்று கேட்பார்களே, அதற்கு, இலக்கை முடிப்பதற்காக நானே ஏற்றினேன் என்று எழுதினேன்.

நாளைக்குத் தீபாவளி. தெருவில் பசங்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

சகாயம்

*

புது டெல்லி
7 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஷாரன் வாயிலாக எல்லாம் தெரியும். மூன்றாவது கீமோ முடிந்தது, சாப்பாடு இறங்கவில்லை, முடி கொட்டிவிட்டது என்றாள்.

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். "ஒரு பெண் என்றால் எண்ணில் வித்தியாசம் வராது" என்று உனக்கு எழுதியவன் நான். அந்த வரி கண்ணை மூடினால் தெரிகிறது. தெரிந்தும் ஒன்றும் செய்வதில்லை, எழுந்து ஆபீஸ் போய்விடுகிறேன். ஒரு நாள் மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிலையம் போய்விட்டேன்.

நீ கொடுத்த தாள் மாவட்டம், மாநிலம் என்று ஏறி நவம்பரில் என் மேசைக்கே வந்தது. நகல்தான், ஆனால் உன் கையெழுத்து. திருத்தக் கூற்றுக்கான குறிப்பை நானே எழுதி மேலே அனுப்பினேன். நேற்று முன்தினம் அவையில் வைத்தார்கள். "41,876 என்பதை 41,564 என்று திருத்திப் படிக்கவும்." அமைச்சர் எழுந்து "மேசையில் வைக்கிறேன்" என்றார். அப்போது அவையில் வேறு எதற்கோ கூச்சல். பத்து விநாடிகூட ஆகவில்லை. யாரும் எதையும் தட்டவில்லை.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தொடர் முடிந்ததும் பார்க்கலாம் என்கிறார்கள். ஷாரனும் ஆறாவது மாதத்தில் இருக்கிறாள்.

உனக்காக ஜெபிக்கிறேன்.

தம்பி,
யூஜின்

*

பட்டாபிராம்
28 டிசம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நள்ளிரவுப் பூசைக்கு என்னால் போக முடியவில்லை. காலைப் பூசைக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்வந்தேன். சாமியார் நன்மை அப்பம் கொடுக்கும்போது என் தலையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார், பாவம்.

டிசம்பர் பத்தாம் தேதியிலிருந்து நான் சஸ்பெண்ட். தாள் கையில் வந்தபோது சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். சித்ராவுக்கு ஒரு மெமோவோடு போயிற்று.

ஆனால் பெயர்களைத் திறந்துவிட்டார்கள். என் இடத்துக்கு எழிலரசி என்று ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு வீடுகள் தெரியாது. அதனால் உடம்பு தாங்குகிற நாட்களில் நானும் கூடப் போகிறேன். சஸ்பெண்ட் ஆனவள் தெருவில் நடக்கக்கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

நாகம்மாள் என்று ஒரு பெண். நாற்பத்தைந்து வயசிருக்கும். அவர்கள் வயலெல்லாம் மனையாகிவிட்டது, இரண்டு மாடு மட்டும் மிச்சம். சாணியும் கையுமாக நின்று எழிலரசியை ஒரு பிடி பிடித்தாள். "இன்னாம்மா, அதான் நார்மல்னு மெசேஜ் வந்துகீதே. மறுபடியும் இன்னாத்துக்கு வந்துகினு கீறீங்க?"

"அந்த மெசேஜ் நான் அனுப்பனதுதான் நாகம்மா. பொய்யி" என்றேன்.

"பொய்யா? ஒன்ன நம்பி நான் அத்த என் ஊட்டுக்காரருக்குக்கூடக் காட்டினேன்."

"தெரியும். உன்ன கூப்புடவே இல்ல. கூப்ட்டதா எழுதிக்கினேன்."

அவள் திட்டிய திட்டை எழுதினால் இந்தக் கடிதத்தைத் தபால்காரர் வாங்க மாட்டார். நான் நின்று கேட்டுக்கொண்டேன். திட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "நட, எங்க வரணும்?" என்றாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று நாற்பது பேர் இதுவரை வந்துவிட்டார்கள். சிலர் ஊர் மாறிப் போய்விட்டார்கள். மேல்பரிசோதனைக்கு அனுப்பியது மூன்று பேரை. அதில் நாகம்மாளுக்குக் கருப்பை வாயில் ஆரம்பம். ஆரம்பம்தான், சுலபமாக எடுத்துவிடலாம் என்றார்கள். அவள் என்னோடு இன்னும் பேசுவதில்லை. பரவாயில்லை.

ஷாரனை நன்றாகத் தூங்கச் சொல்.

அக்கா,
சகாயம்

*

புது டெல்லி
22 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்தாவது கீமோவைத் தாங்கிவிட்டாய் என்று பெனிஷா எழுதியிருந்தாள். ஆண்டவருக்கு நன்றி. நாகம்மாளைப் பற்றிப் படித்த அன்று பல நாளுக்குப் பிறகு தூங்கினேன்.

திருத்தக் கூற்றை யாரும் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். ஓர் உறுப்பினர் கவனித்திருக்கிறார். பிப்ரவரி ஆறாம் தேதிக்குக் கேள்வி கொடுத்துவிட்டார். அது என் மேசையில்தான் இருக்கிறது.

(அ) முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் பரிசோதனை பொய்யாகப் பதிவானது உண்மையா?
(ஆ) அவ்வாறு பதியும்படி யார் கேட்டுக்கொண்டார்கள்?
(இ) பொறுப்பானவர்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?
(ஈ) இதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவரப்படுமா?

(அ)வுக்கு ஆம். (ஈ)க்கு வழக்கமான பரிசீலனை. (இ)க்கு உன் சஸ்பெண்ட் தாள் இருக்கிறது. "ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுள்ளார்." இதை என் கையால் தட்டச்சு செய்தேன். பெயர் வராது, பயப்படாதே.

(ஆ)தான். மாநிலத்திலிருந்து வந்த கோப்பில், செவிலியர் தானாகவே செய்தார் என்று இருக்கிறது, நீ அப்படித்தானே எழுதிக் கொடுத்தாய். ஆனால் கேட்டவன் நான். அதனால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "அமைச்சகத்தின் பிரிவு அலுவலர் ஒருவர் நடைமுறைக்குப் புறம்பாகத் தொலைபேசியில் அவசரப்படுத்தியதும் இதற்குக் காரணம் எனத் தெரியவருகிறது." இது போனால் விசாரணை வரும், வேலையும் போகலாம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஷாரனுக்கு ஏழரை மாதம். இருந்தாலும் இந்த வரி உள்ளே இருக்க வேண்டும் அக்கா. ஆறு மாதத்தில் எனக்கு உறைத்தது இது ஒன்றுதான்.

ஷாரனிடம் இன்னும் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

தம்பி,
யூஜின்

*

பட்டாபிராம்
28 ஜனவரி 2026

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். மாமாவையும் படிக்கச் சொன்னேன்.

அந்த வரியை நீ எழுதினாய் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. செப்டம்பரிலிருந்து வராத அழுகை. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழுதேன். பெனிஷா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யப் போய்விட்டாள். போன் செய்தாயே, அதைப் பற்றி நீ ஒரு நாளாவது ஒரு வார்த்தை எழுத மாட்டாயா என்று நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதிவிட்டாய். எனக்கு அது போதும்.

இப்போது அக்கா சொல்வதைக் கேள். அந்த வரியை எடுத்துவிடு. பொய்யாகத் தொட்டது என் விரல், உன்னுடையது இல்லை. பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் மூட்டை கட்ட வேண்டாம். எனக்கு ஒரு தண்டனை எழுதியாயிற்று, அதில் உன்னையும் சேர்த்து எழுதுவதால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது? நீ எழுத நினைத்தாய், நான் வேண்டாமென்றேன். அது நம் இருவருக்கும் தெரியும். மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், எனக்கு உன் மேல் இனிமேல் ஒரு வருத்தமும் இல்லை.

கிடைத்ததும் எடுத்துவிடு. இதை மாமாவிடம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்கிறேன்.

உன் அக்கா,
சகாயம்

*

புது டெல்லி
8 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது. ஷாரன் நலம். கடைசி கீமோ பதினாறாம் தேதி என்று தெரியும். நான் வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதில் அவையில் வைக்கப்பட்டது. நகல் இத்துடன் இருக்கிறது. (ஆ) பகுதியில், செவிலியர் தானாகவே பதிவு செய்தார் என்றுதான் இருக்கும். உன் கடிதத்தை ஷாரனிடம் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி மாதிரி யாரும் உண்டா என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீ சொல்லித்தான் நான் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மறுக்கவில்லை.

உனக்கும் அப்படியே எழுதிவிடலாம் என்று இரண்டு நாள் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை.

உன் கடிதம் எனக்குக் கிடைத்தது பிப்ரவரி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. பதில் அச்சுக்குப் போனது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம். அந்த வரியை நான் வியாழக்கிழமையே எடுத்துவிட்டேன் அக்கா. யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
யூஜின்